கன்னியம்மாவின் ரத்தம் சொன்னது

கர்ப்பிணிகளின் ரத்தப் பரிசோதனைக்கென்றே ஓர் ஆய்வகம் வந்து, அதில் நீங்கள் வேலைக்கும் சேர்ந்துவிட்டீர்கள் என்பதில் எனக்குப் பெருமை. உங்கள் இயந்திரம் கொஞ்சம் ரத்தத்தை வாங்கிக்கொண்டு தட்டணுக்கள் எத்தனை, ஈரல் எப்படி, சிறுநீரகம் எப்படி என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறது. நஞ்சுக்கொடி விடுகிற புரதங்களைக்கூட அளக்கலாம் என்கிறீர்கள். என் காலத்தில் எங்களிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது ஒரே ஓர் அளவு, யூரிக் அமிலம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாங்கள் ஜெயித்த கதையை உங்களுக்குச் சொல்கிறேன். ஜெயித்தோம் என்றுதான் சொல்வேன். இதில் அடக்கமாகப் பேச எனக்கு விருப்பமில்லை.

அப்போது ஆந்திரா தனி மாநிலமாகிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் சென்னைக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் சித்தூரில் பிறந்த தமிழச்சி. சென்னையில் மருத்துவம் படித்துவிட்டுத் திருப்பதியில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் ஆய்வக டாக்டராக இருந்தேன். எங்கள் தலைமை மருத்துவர் நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் பெரிய டாக்டரம்மாதான்.

கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் முதல் பார்வையில் அது எந்த வகை என்று தெரியாது. கர்ப்பத்துக்கு முன்பே இருந்த அழுத்தமாக இருக்கலாம். அப்படியானால் கவனமாகப் பார்த்துக்கொண்டு பிள்ளைப்பேறு வரைக்கும் கொண்டுபோய்விடலாம். கர்ப்பமே கொண்டுவந்த அழுத்தமாகவும் இருக்கலாம். அது நஞ்சுக்கொடியில் தொடங்கி, தாயின் சிறுநீரகம், ஈரல், மூளை என்று பரவி, வலிப்பில் கொண்டுபோய் நிறுத்தும். நம் ஊர்களில் அதை ஜன்னி என்பார்கள். ஜன்னி கண்ட வீட்டில் அந்தச் சொல்லைத் திரும்ப யாரும் உச்சரிக்க மாட்டார்கள். இந்த இரண்டாம் வகையில் ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறும் என்று படித்திருந்தோம். அழுத்தம் ஏறி வருகிற பெண்கள் எல்லோருக்கும் அதைப் பார்த்துவிடுவது என்று பெரிய டாக்டரம்மாவும் நானும் பேசிவைத்துக்கொண்டோம். ரத்தத்திலிருந்து எடுத்த தெளிந்த நீரில் மருந்தை விட்டால் நீலம் வரும். அமிலம் அதிகமானால் நீலம் அடர்த்தியாகும். அவ்வளவுதான் எங்கள் வித்தை.

கன்னியம்மா வந்தது ஒரு கர்ப்பிணிகள் நாளில். நகரிப் பக்கத்தில் ஒரு காலனியிலிருந்து ரயிலில் தனியாக வந்திருந்தாள். கூலி வேலை. முதல் பிள்ளை. எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை எந்த ஆஸ்பத்திரியையும் பார்த்ததில்லை. இப்போது மட்டும் ஏன் வந்தாய் என்று கேட்டேன். அவளுடைய அக்கா தலைப்பிரசவத்தில் ஜன்னி கண்டு செத்துப்போனாளாம். "ஒரு வாட்டி காட்டிக்கினு போலாம்னு வந்தேம்மா" என்றாள்.

காலில் லேசான வீக்கம். அழுத்தம் கொஞ்சம் கூடுதல். சிறுநீரில் புரதம் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து வந்த களைப்பாக இருக்கலாம் என்றார் பெரிய டாக்டரம்மா. அவர் சொன்னதில் தவறில்லை. அன்று இருந்த தடயங்களை வைத்து நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உப்பைக் குறை, ஓய்வெடு, அடுத்த வாரம் வா என்று அனுப்பினோம். போகும்முன் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டேன். மரத்தடியில் உட்கார்ந்து தூக்கில் கொண்டுவந்த கூழைக் குடித்துவிட்டு அவள் ரயிலுக்குப் போனதைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவள் ரத்தத்துக்கு மருந்து விட்டேன். நீலம் ஏறிக்கொண்டே போனது. நான் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ கூடுதல்.

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓர் எண் பயமுறுத்தினால் முதலில் அந்த எண்ணைச் சந்தேகப்படுங்கள். பெரிய டாக்டரம்மாவிடம் நான் ஓடியபோது அவர் கேட்டதும் அதைத்தான். மருந்து பழசாகிவிட்டதா, அவள் பட்டினியாக இருந்தாளா, நீர் பிரிவதற்கு யாராவது மாத்திரை கொடுத்தார்களா என்று வரிசையாகக் கேட்டார். கூழ் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். மாத்திரையின் முகத்தையே அவள் பார்த்ததில்லை. மருந்தைப் பற்றி மட்டும் என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. திரும்பி வந்து என் ரத்தத்தை எடுத்தேன். வார்டில் நல்ல ஆரோக்கியமாக இருந்த ஒரு கர்ப்பிணியிடம் சொல்லி அவளிடமும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். மூன்றையும் ஒன்றாக வைத்து மறுபடி செய்தேன். என்னுடையதும் அந்தக் கர்ப்பிணியுடையதும் வெளிர் நீலம். கன்னியம்மாவுடையது மயில் கழுத்து.

மூன்று குழாய்களையும் அப்படியே எடுத்துப் போய்க் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெள்ளி தீஸுக்குரா" என்றார். போய் அழைத்து வா.

அழைத்து வருவது எளிதாக இல்லை. அன்று எல்லைக் கிளர்ச்சி. புத்தூரைத் தாண்டி ரயில் போகவில்லை, பஸ்ஸும் இல்லை. தங்கள் கிராமங்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று தமிழ் ஜனங்கள் பாதையை மறித்திருந்தார்கள். தந்தி கொடுத்தாலும் அந்தக் காலனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் யார்? மருத்துவமனை வேனை எடுத்துக்கொண்டு நானே போகிறேன் என்றேன். ஆய்வக டாக்டர் ஏன் போக வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அவளுடைய முகம் தெரிந்தவள் நான், அவளுடைய பேச்சும் தெரிந்தவள். அது போதாதா? அழுத்தம் பார்க்கும் கருவியையும் ஊசி மருந்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நகரிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டின் குறுக்கே பாறாங்கற்களும் ஒரு பனைமரமும் கிடந்தன. கூட்டம் வேனைச் சூழ்ந்துகொண்டது. ஆந்திரா சர்க்கார் வண்டி, திரும்பிப் போ என்றார்கள். எங்கள் டிரைவர் தெலுங்கில் ஏதோ சொல்லப்போக, சத்தம் இன்னும் கூடியது. நான் கீழே இறங்கினேன். சீட்டில் எழுதியிருந்த புருஷன் பெயரைச் சொல்லி, ஏழுமலை பெண்சாதி கன்னியம்மாவைப் பார்க்க வேண்டும், அவளுக்கு உடம்பு சரியில்லை, வழி சொல்லுங்கள் என்று தமிழில் கேட்டேன். ஒரு பாறாங்கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அவன்தான் ஏழுமலை. மறியலுக்கு அந்தப் பக்கத்து இளவட்டங்களைத் திரட்டியவனும் அவன்தான் என்பது பிறகு தெரிந்தது.

அவன் முகத்தில் பயத்தைவிடச் சந்தேகம்தான் அதிகமாக இருந்தது.

"நேத்து நீங்கதான நல்லாகீறன்னு சொல்லி அனுப்பிச்சீங்க. இன்னிக்கு வண்டி போட்டுக்கினு வந்து கூப்புடுறீங்க. இன்னா சமாச்சாரம்?"

"நேத்து எங்ககிட்ட ரத்தம் இருந்திச்சு, பதில் இல்ல. இன்னிக்குப் பதில் வந்திருக்கு. நல்ல பதிலா இல்லப்பா" என்றேன்.

மழுப்பியிருந்தால் அவன் திருப்பி அனுப்பியிருப்பான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். பரிசோதனையில் ஒன்று தெரியவந்து, நேற்று சொன்னதை இன்று மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தால், அதை அப்படியே சொல்லிவிடுங்கள். ஜனங்கள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். ஏழுமலை வேனில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வயல்களுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதையைக் காட்டினான்.

கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலைச் செடியிலிருந்து காய் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். உடம்புக்கு எப்படியிருக்கிறது என்றேன், நல்லாதான் இருக்கிறது என்றாள். தலை வலிக்கிறதா என்றேன், இல்லை என்றாள். நான் கேள்வியை மாற்றினேன். காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தாய், சொல்லு என்றேன். தண்ணீர் எடுக்கப் போனதைச் சொன்னாள். போகும்போது கண்ணில் மினுக்மினுக்கென்று பூச்சி பறந்ததாம், வெயில் என்று விட்டுவிட்டாளாம். மதியம் துன்னது நெஞ்சுக்குழியிலேயே நின்றுகொண்டு வலிக்கிறதாம், கடலை துன்னதால் இருக்கும் என்று நினைத்தாளாம்.

வலிப்பு வாசலுக்கு வந்துவிட்டது என்பதற்கு இந்த இரண்டைவிட வேறு அறிகுறி வேண்டாம். அழுத்தத்தைப் பார்த்தேன். முந்தின நாள் இருந்த இடத்திலிருந்து எங்கேயோ ஏறியிருந்தது. ஏழுமலையிடம் எண்ணைச் சொல்லவில்லை. அவள் அக்காவுக்கு வந்தது இவளுக்கும் வரப் பார்க்கிறது, வருவதற்குள் நாம் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அங்கேயே ஊசி போட்டு, வேனில் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வெளிச்சம் வலிப்பைத் தூண்டும் என்பதால் ஜன்னல்களை ஒரு புடவையால் மூடினோம்.

குலுக்கம் அவளுக்கு ஆகாது. அதனால் திரும்பும்போது வண்டிப்பாதை வேண்டாம், ரோட்டிலேயே போகலாம் என்றேன். மறியல் நடந்த இடத்தில் ஏழுமலை இறங்கினான். அவனும் அவன் கூட்டாளிகளும் பனைமரத்தை இழுத்து ஓரம் போட்டார்கள், கற்களைப் புரட்டினார்கள். இப்படித் திறந்துவிட்டால் எல்லா வண்டியும் போய்விடுமே என்று ஒருவன் முணுமுணுத்தான். "இது போவட்டும்டா. அப்பால மறுபடி போட்டுக்கலாம்" என்றான் ஏழுமலை. எங்கள் வேன் கடந்ததும் அப்படியே திரும்பப் போட்டார்கள். புத்தூர் தாண்டும் வரை எங்கள் டிரைவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே திருப்பதிக்குப் போய்விட்டோம். வழியில் வலிப்பு வரவில்லை. அதுவே எங்களுக்கு ஒரு வெற்றி. ஆனால் பாதி வெற்றிதான். பிள்ளை இன்னும் சின்னது, வயிற்றில் இருக்கிற ஒவ்வொரு நாளும் அதற்கு லாபம். தாய்க்கோ ஒவ்வொரு நாளும் ஆபத்து. பெரிய டாக்டரம்மா இருட்டறையில் அவளை அமைதியாகப் படுக்க வைத்து, வலிப்பைத் தடுக்கும் ஊசியும் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தார். தினமும் காலையில் நான் ரத்தம் எடுத்தேன்.

சில நாட்களில் அழுத்தம் அழகாக இறங்கியது. கண்ணில் பூச்சி பறப்பது நின்றது. இருட்டறையிலிருந்து வார்டுக்கு மாற்றினோம். அவள் எழுந்து உட்கார்ந்து, கேழ்வரகுக் களி கிடைக்குமா என்று கேட்டாள். வார்டே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் முடியவில்லை. காலைக்குக் காலை நீலம் ஏறிக்கொண்டிருந்தது.

அன்றைய குழாயோடு நான் பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். இந்த முறை மருந்து பழசா, பட்டினியா என்று அவர் எதுவும் கேட்கவில்லை. நாம் மருந்து கொடுத்து இறக்கியது அழுத்தத்தைத்தான், நோய் உள்ளே தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்றார். அழுத்தம் நன்றாக இருக்கிறது, பெண் நன்றாக இருக்கிறாள், ரத்தம் மட்டும் வேறு சொல்கிறது. மூன்றில் இரண்டு நல்ல சாட்சி. எத்தனை பேர் அந்த இரண்டின் பக்கம் போயிருப்பார்கள்? மருந்தால் மாற்ற முடியாத சாட்சி எது என்று அவர் பார்த்தார். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிடுவது என்று முடிவுசெய்தார்.

ஏழுமலை ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு ஒரு நியாயம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் பங்காருபாளையத்து மாங்காய் மண்டிக்காரர் ஒருவரின் மனைவி இருந்தார். அவருக்கு அழுத்தம் கன்னியம்மாவுக்கு இருந்ததைவிட அதிகம். வார்டில் இதெல்லாம் யாருக்கும் ரகசியம் இல்லை. ஏழுமலை பெரிய டாக்டரம்மாவின் எதிரில் வந்து நின்றான்.

"அந்தம்மாவுக்கு இன்னும் ஜாஸ்தி கீதாம். அவங்கள சும்மா வுட்டுட்டு என் பொண்டாட்டிய மட்டும் ஏன் அறுக்கணும்? நாங்க காலனி ஆளுங்கன்னா?"

நர்ஸ்கள் அவனை அதட்டப் பார்த்தார்கள். பெரிய டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறான் என்று என்னிடம் தெலுங்கில் சொன்னார். பிறகு அவனை ஆய்வகத்துக்கு அழைத்து வந்தார். இரண்டு பெண்களின் ரத்தத்தையும் அவன் கண்முன்னே பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்யச் சொன்னார். நான் மருந்தை விட்டேன். நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம். பங்காருபாளையத்து அம்மாவின் குழாய் வெளிர் நீலத்தில் நின்றுவிட்டது. கன்னியம்மாவின் குழாய் இருண்டது.

"இதான் விஷமா?" என்று ஏழுமலை கேட்டான்.

விஷம் இல்லை, நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் காட்டுகிற அடையாளம் என்று பெரிய டாக்டரம்மாவின் பதிலை நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மாவுக்கு இருப்பது பழைய அழுத்தம், அதனால் காத்திருக்கிறோம். உன் மனைவிக்குக் கர்ப்பமே கொண்டுவந்தது, காத்திருந்தால் இருவரையும் இழப்போம். அவர் கடைசியாகச் சொன்னது இன்னும் ஒன்று. தாயைக் காப்பாற்றிவிடுவேன் என்று நினைக்கிறேன், பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவன் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளிடம் கேட்க வேண்டும் என்றான். மூவரும் வார்டுக்குப் போனோம். கன்னியம்மா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஏழுமலையைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்க அக்காவுக்கு முன்னாடியே சொல்ல ஆளு இல்ல. எனக்கு சொல்றாங்க. செய்யட்டும்."

மறுநாள் காலை ஆபரேஷன். எனக்கு அங்கே வேலையில்லை, ஆனாலும் ஒரு மூலையில் நின்றேன். வெளியே வந்தது பெண்பிள்ளை. இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும் அளவுதான். அழவில்லை. முதுகைத் தேய்த்தார்கள், வாயைச் சுத்தம் செய்தார்கள், அப்போதும் அழவில்லை. பெரிய டாக்டரம்மா தையலை நிறுத்தாமல், தலையைத் திருப்பாமல், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்று என்னிடம் சொன்னார். பெயர் எங்கே வைத்தோம்? "கன்னியம்மா பொண்ணே" என்று நான் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். நர்ஸ் பாதத்தைச் சுண்டினாள். பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல் வந்தது, பிறகு அந்தக் குரல் நிற்கவேயில்லை. என் வாழ்நாளில் நான் கேட்ட சங்கீதம் அதுதான்.

பெரிய டாக்டரம்மா நஞ்சுக்கொடியைத் தட்டில் வைத்து என்னை அருகில் அழைத்தார். சிவப்பாக, மெத்தென்று இருக்க வேண்டிய சதையில் பாதிக்கும் மேல் வெளிறி, கட்டி தட்டிச் செத்துக் கிடந்தது. இந்தப் பிள்ளை இன்னும் ஒரு வாரம் உள்ளே தாங்கியிருக்காது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலுக்கு ஈடாக ஒரு பதக்கம் எனக்குப் பிறகு யாரும் தரவில்லை.

குழந்தையைப் பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பாட்டில் வைத்து, தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து வளர்த்தோம். கன்னியம்மாவின் ரத்தத்தைத் தொடர்ந்து பார்த்துவந்தேன். நீலம் வெளுத்துக்கொண்டே வந்து, ஒரு காலையில் அவள் குழாயும் என் குழாயும் ஒரே நிறத்தில் நின்றன. இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். டாக்டர் ஓடக் கூடாது என்பார்கள். அன்று ஓடினேன்.

பங்காருபாளையத்து அம்மா மாதம் நிறைந்து, தானே வலியெடுத்து, நல்ல கனமான ஆண்பிள்ளையைப் பெற்றார். அழுத்தத்தைப் பார்த்துப் பயந்து அவசரப்பட்டிருந்தால் அந்தப் பிள்ளையையும் பஞ்சில்தான் சுற்றியிருப்போம். பரிசோதனை நம்மைச் செயல்பட வைப்பது பாதிப் பயன்தான். சும்மா இருக்க வேண்டிய இடத்தில் நம்மைச் சும்மா இருக்க வைப்பது மீதிப் பாதி. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாதி கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும்.

கடைசியில் எல்லை முடிவாயிற்று. சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின, சில இந்தப் பக்கம் வந்தன. ஏழுமலையின் ஊர் ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. அவன் மனம் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இனி திருப்பதிப் பக்கமே வர மாட்டான் என்றார் எங்கள் டிரைவர்.

அதற்கு அடுத்த கர்ப்பிணிகள் நாளில் ஆய்வகத்தில் இருந்தேன். வெளியே கலகலவென்று பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால், ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் பெண்கள், எல்லோரும் கர்ப்பிணிகள். காலனிப் பெண்களும் இருந்தார்கள், ஊர்ப் பெண்களும் இருந்தார்கள், தெலுங்கில் பேசிக்கொண்டு வந்த இரண்டு பேரும் இருந்தார்கள். முன்னால் கன்னியம்மா, இடுப்பில் பிள்ளை. பின்னால், மறியலுக்கு ஆள் திரட்டிய அதே மிடுக்கோடு, ஒருத்தியும் வழிதவறிவிடாமல் ஓட்டிக்கொண்டு ஏழுமலை.

பெரிய டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்தார். ஊர் ஆந்திராவிலேயே தங்கிவிட்டதே, வருத்தமில்லையா என்று அவனிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"வருத்தந்தாம்மா" என்றான். "அது அப்பால. முதல்ல இவங்களுக்கெல்லாம் ரத்தம் பாருங்க."

பெண்கள் வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு கைகளை நீட்டினார்கள்.